அப்பா பூட்ஸைக் கழற்றிய நாள்

போன வாரம் காபி குடிக்க என் வீட்டுக்கு வந்தீர்களே, அப்போது உங்களில் ஒருத்தி அலமாரிக்குக் கீழே இருந்த பூட்ஸைப் பார்த்துவிட்டு, உங்க வூட்டுக்காரரு மிலிட்டரியா என்று கேட்டாள். நான் சிரித்துக்கொண்டே முறுக்குத் தட்டை நீட்டினேன். பேச்சு முறுக்குக்குப் போய்விட்டது. நம் வயதில் எந்தப் பேச்சும் கடைசியில் முறுக்குக்கோ முட்டிவலிக்கோ மருமகளுக்கோதானே போய்ச் சேர்கிறது.

என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீசில் உட்கார்ந்த இடத்திலேயே வேலை பார்த்தவர். பூட்ஸுக்கும் அவருக்கும் சம்பந்தமே கிடையாது. அது என் அப்பாவுடையது. அதை ஏன் இத்தனை காலம் வைத்திருக்கிறேன் என்று சொல்வதானால் ஒரு வார்த்தையை முதலில் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை. என் அப்பாவுக்குக் குஷ்டம். சொல்லிவிட்டேன். யாரும் நாற்காலியைப் பின்னால் தள்ள வேண்டாம். அவர் போய்ச் சேர்ந்து எவ்வளவோ வருஷமாகிறது. நோயும் நான் கைக்குழந்தையாக இருந்தபோதே மாத்திரையில் நின்றுவிட்டது. நிற்பதற்குள் அவருடைய இரண்டு பாதங்களிலும் இருந்த உணர்ச்சியை எடுத்துக்கொண்டுவிட்டது, அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று எழுதிவிட்டேன். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த வயதில் எனக்குத் தெரியாது. அப்பாவுக்குக் காலு தூங்குது, யாருகிட்டயும் சொல்லக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். தூங்குகிற கால் என்றைக்காவது விழித்துக்கொள்ளும் என்று நானும் காத்திருந்தேன்.

கச்சிராயபாளையம் போகிற ரோட்டில் எங்கள் ஊர். அப்பாவுக்குக் கள்ளக்குறிச்சியில் ஒரு கடுக்காய் மண்டியில் வேலை. தை பிறந்தால் கல்வராயன் மலையில் கடுக்காய் உதிர ஆரம்பிக்கும். மலைக்காரர்கள் பொறுக்கிக் காயவைத்திருப்பதை அப்பா ஊர் ஊராக ஏறிப் போய் எடை போட்டு, பொதிமாட்டின் மேல் ஏற்றி அடிவாரம் வரை இறக்குவார். அங்கிருந்து வண்டியில் மண்டிக்கு வரும். மண்டியிலிருந்து ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிடப் போகும். எங்கள் வீட்டுக் கோணி, அப்பாவின் சட்டை, என் பள்ளிக்கூடப் பை எல்லாவற்றிலும் அந்தத் துவர்ப்பு வாசனை இருக்கும்.

மலையெல்லாம் கல்லும் முள்ளும். உணர்ச்சியில்லாத காலை வைத்துக்கொண்டு அங்கே நடக்கக் கூடாது. முள் ஏறினால் தெரியாது, புண் ஆனால் தெரியாது, சீழ் பிடித்து நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். வைத்தியம் பார்த்த ஆஸ்பத்திரியில் அதற்கென்றே ஒரு செருப்பு கொடுத்தார்கள். அடியில் மெத்தென்று கறுப்பு ரப்பர், குதிகாலுக்குப் பின்னால் ஒரு வார். காலுக்கு நல்லதுதான். ஆனால் அந்தச் செருப்பைப் பார்த்தாலே இன்ன நோய் என்று நாட்டில் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் சின்னசேலம் பஸ்ஸில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கீழே குனிந்து பார்த்தார், எழுந்து போய் நின்றுகொண்டார். பிறகு முன் சீட்டுக்காரரும் எழுந்தார். அப்பா இறங்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்பே இறங்கி, செருப்பைக் காகிதத்தில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வெறுங்காலோடு வீடு வந்து சேர்ந்தார். அன்றைக்குக் காலில் ஏறிய கண்ணாடித் துண்டை அம்மா எடுத்தாள் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

அதற்குப் பிறகுதான் பூட்ஸ். ஆஸ்பத்திரியில் செருப்பு தைக்கிறவரிடம் போய் அப்பா கெஞ்சியிருக்கிறார். வெளியே பார்த்தால் பாரஸ்ட் கார்டு போடுகிற பூட்ஸ் மாதிரி இருக்க வேண்டும், உள்ளே ஆஸ்பத்திரிச் செருப்பாக இருக்க வேண்டும். அங்கே அப்படிச் செய்து கொடுக்க விதியில்லையாம். அவர் தன் வீட்டில் வைத்து, ஞாயிற்றுக்கிழமைகளில், அப்பாவின் கால்களைக் காகிதத்தில் வைத்து வரைந்து, தோலை வெட்டி, உள்ளே ரப்பர் மெத்தையைப் பதித்து, ஒரு ஆணிகூட அடிக்காமல் முழுக்கத் தைத்தே முடித்துக் கொடுத்தார். கணுக்காலுக்கு மேல் வரை ஏறும். செம்மண் நிறம். அப்பா அதை முகர்ந்து பார்த்துவிட்டு, நான் எடை போட்ட கடுக்காய்ல பதம் பண்ண தோலு, சுத்திக்கினு என் காலுக்கே வந்துட்டுது என்று சொல்லிச் சிரித்தாராம்.

ஊர் என்ன நினைக்கும்? எங்களுக்கு நிலமில்லை, நீச்சில்லை. மண்டியில் எடை போடுகிறவனுக்குப் பூட்ஸா என்று பேசினார்கள். தொர வர்றாரு, தொர போறாரு என்றார்கள். யார் வீட்டுக்குப் போனாலும் அப்பா உள்ளே போகமாட்டார், வாசல் மரத்தடியிலேயே பேசிவிட்டு வந்துவிடுவார். ஊர்த் திருவிழாவில் கோயிலுக்கு வெளியே நின்று கும்பிடுவார். சாமிக்கே பூட்ஸைக் கழட்டாதவன், என்னா திமிரு என்று என் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. அம்மாவுக்கு அழுகை வரும். அப்பா ஒரு நாள் அவளிடம் சொன்னார்:

"திமிருன்னே சொல்லட்டும். திமிரு புடிச்சவன் பக்கத்துலருந்து எவனும் எழுந்து போறதில்ல."

விளக்கு வைக்கிற நேரம் எங்கள் வீட்டில் கால் பார்க்கிற நேரம். கதவைச் சாத்திவிட்டு, அப்பாவின் காலை அம்மா மடியில் எடுத்து வைத்துக்கொள்வாள். நான் சிம்னி விளக்கைப் பிடிக்க வேண்டும். விரலிடுக்கு, உள்ளங்கால், குதிகால் என்று அங்குலம் அங்குலமாகப் பார்ப்பாள். தண்ணீரில் ஊறவைத்து விளக்கெண்ணெய் தடவுவாள். பிறகு பூட்ஸுக்குள் கையை விட்டு, கல்லோ முள்ளோ இருக்கிறதா என்று துழாவுவாள். கடைசியாகப் பூட்ஸுக்கும் மிச்ச எண்ணெயைத் தடவி மூலையில் வைப்பாள். விரல்கள் எல்லாம் அப்போது நன்றாகவே இருந்தன. இடது குதிகாலில் ஒரு பழைய தழும்பு, வேறொன்றுமில்லை. யாராவது தற்செயலாகப் பார்த்தாலும் சாதாரணக் கால் என்றுதான் நினைப்பார்கள். அதனால்தான் பின்னால் அவ்வளவும் நடந்தது.

நான் ஐந்தாவது முடித்த அந்தக் கோடைக்கு முன்பு, மாசியில், அப்பா என்னை ஒரு முறை மலைக்குக் கூட்டிப் போனார். வழியில் ஒரு சுனை. நான் தண்ணீர் குடிக்கும்போது அவர் பாறையில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றிக் காற்றாட வைத்தார். மலையில் தேன் எடுக்கிறவர்கள் எப்படிப் புகை போடுவார்கள் என்று எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். நான் திரும்பிப் பார்த்தால், அவர் சுண்டுவிரலில் ஒரு கட்டெறும்பு தலையைப் புதைத்துக் கடித்துக்கொண்டிருந்தது. ரத்தம் துளிர்த்திருந்தது. அவர் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். நான் ஓடிப் போய்ப் பிடுங்கிப் போட்டேன். கடிக்கலையாப்பா என்று கேட்டேன். அது பாட்டுக்குக் கடிக்குது, எனக்கு இன்னா என்றார். சிரித்தார். நான் சிரிக்கவில்லை. கால் தூங்குவது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

அதே மாசியில்தான் அக்காவுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. ரிஷிவந்தியம் பக்கம் மாப்பிள்ளை ஊர். கிணற்றுப் பாசனம், இரண்டு ஜோடி மாடு, ஒரே பையன். எங்கள் நிலைமைக்கு அது தலைக்கு மேல். அக்கா அழகி, அதனால் தேடி வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா உயரமாக, ஒல்லியாக, அதிகம் பேசாதவராக இருந்தார். அவரை இனிமேல் சம்பந்தி என்றே சொல்கிறேன். வேப்பமரத்தடியில் கட்டிலில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பூட்ஸைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் மனைவிதான் அம்மாவை உள்ளே ஓரமாக அழைத்துப் போய், பொண்ணோட அப்பா பூட்ஸைக் கழட்டவே மாட்டாரா என்று கேட்டாள். மலை வேலைங்க, கழட்டி மாட்ட நேரம் புடிக்கும் என்று அம்மா சமாளித்தாள். அவர்கள் போன பிறகுதான் அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இந்தச் சம்பந்தம் மட்டுமில்லை, எந்தச் சம்பந்தமும் வராது. அக்காவுக்கும் வராது, பின்னால் எனக்கும் வராது. மண்டி முதலாளி வேலையை விட்டு நிறுத்திவிடுவார். கிணற்றில் தண்ணீர் சேந்தவிடமாட்டார்கள்.

எங்கள் வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கல்யாணம் என்று முதலில் பேச்சு. பந்தலில் அப்பா பூட்ஸோடு நின்றுகொண்டு வாங்க வாங்க என்று சொல்லலாம், திமிர் பிடித்தவன் என்கிற பெயர்தான் ஏற்கெனவே இருக்கிறதே. ஆனால் பங்குனியில் சம்பந்தியின் அண்ணன் இறந்துபோனார். சாவு விழுந்த வருஷத்தில் பந்தக்கால் நடக்கூடாது, சாமி சன்னதியில் தாலி கட்டலாம், வைகாசியில் எங்கள் பக்கத்துச் சிவன் கோயிலிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவர்கள் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். கோயில் என்றால் வெறுங்கால். அதோடு பாத பூஜை வேறு. பெண், தாலி ஏறுவதற்கு முன்னால், பெற்றவர்கள் காலைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவி மஞ்சள் குங்குமம் வைக்க வேண்டும்.

வீட்டில் பெரிய வாக்குவாதம் நடந்தது, எல்லாம் கிசுகிசுவென்று. அன்றைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு நீங்கள் வீட்டிலேயே படுத்துக்கொள்ளுங்கள், தாய்மாமன் நின்று நடத்தட்டும் என்றாள் அம்மா. அப்பா கொஞ்ச நேரம் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, வெரலு எல்லாம் சரியாத்தான இருக்குது, பாத்தா இன்னா தெரியப் போவுது என்றார். அவர் குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அவருக்குப் போக வேண்டும் போலிருந்தது, பாவம். அப்போது அதுவரை வாயைத் திறக்காமல் மூலையில் இருந்த அக்கா சொன்னாள்:

"நீ வரலன்னா நான் கழுத்த நீட்ட மாட்டேன்ப்பா."

அதோடு முடிந்தது. அம்மா திட்டம் போட்டாள். காலை முகூர்த்தம். வெயில் ஏறுவதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும். விடிவதற்குள் வண்டியில் போய், கோபுர வாசலில் பூட்ஸைக் கழற்றி, துண்டில் சுற்றி வண்டியில் வைத்துவிட வேண்டும். நேராக மண்டபத்து நிழலில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும். முடிந்ததும் நேராக வண்டி. கீழே பார்த்து நடங்க, கீழே பார்த்து நடங்க என்று அவரிடம் ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அப்படியே நடந்தது, மாப்பிள்ளை வீட்டு லாரி வரவில்லை என்பதைத் தவிர. வழியில் எங்கேயோ அச்சு முறிந்து நின்றுவிட்டதாகச் சைக்கிளில் ஆள் வந்து சொன்னார். முதல் முகூர்த்தம் போய்விட்டது. ஐயர் பஞ்சாங்கத்தைப் பார்த்து, உச்சிக்குள் இன்னொரு முகூர்த்தம் இருக்கிறது என்றார். எல்லோரும் நிம்மதியானார்கள். அம்மா மட்டும் வெளியே எட்டிப் பார்த்தாள். கோபுர வாசலுக்கும் மண்டபத்துக்கும் நடுவே அகலமான கல் பாவிய முற்றம், ஒரு மரம் மட்டை கிடையாது. வைகாசி வெயில் அதில் கொதித்துக்கொண்டிருந்தது.

லாரி வந்தது என்று சத்தம் கேட்டபோது கோயில் ஆள் கோணிச் சாக்குகளை நனைத்து வாசலிலிருந்து மண்டபம் வரை ஒரே வரிசையாக விரித்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார். ஒரு ஆள் நடக்கிற அகலம். பெண் வீட்டுக்காரர் போய்ச் சம்பந்தியைக் கையெடுத்துக் கும்பிட்டு அழைத்து வர வேண்டும். தாய்மாமன் சந்தனத் தட்டை எடுத்துக்கொண்டார். அப்பா பன்னீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

போகும்போது சாக்கின் மேல்தான் போனார். வரும்போது சாக்கில் மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக வந்தார்கள். முதலில் சம்பந்தி. அப்பா அவருக்குச் சாக்கை விட்டுவிட்டு, பக்கத்தில், கல்லில் இறங்கி, அவரைப் பார்த்துத் திரும்பினவாக்கில், வாங்க வாங்க என்று சொல்லிக்கொண்டே மெதுவாக நடந்தார். பாதி வழியில் நின்று, பின்னால் வந்த பெண்களுக்குப் பன்னீர் தெளித்தார். லாரியில் வந்த வாண்டுகள் சாக்கிலிருந்து வழுக்கிக் கல்லில் கால் பட்டதும் ஐயோ ஐயோ என்று துள்ளிக்கொண்டு ஓடின. எங்கள் தாய்மாமன் சந்தனத் தட்டோடு நிழலுக்குத் தாவிவிட்டார். அப்பா மட்டும் அந்தக் கல்லில், நெல் வயல் வரப்பில் நிற்கிறவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

எனக்குக் கட்டெறும்பு ஞாபகம் வந்துவிட்டது. "அப்பா, சாக்கு மேல" என்று கத்த வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் வாயை இறுக்கி மூடியது. அவள் கையில் சந்தன வாசனை. என் பல் அவள் விரலில் பதிந்தது, அவள் எடுக்கவில்லை. அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட்டால் எல்லோரும் அவர் காலைப் பார்ப்பார்கள். பார்த்தால் ஒரு மனுஷன் இந்தக் கல்லில் எப்படி நிற்கிறான் என்று கேட்பார்கள். கேட்டால் அக்காவின் கல்யாணம் அங்கேயே முடிந்தது. எனக்கு இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது அம்மா ஏன் இப்படிச் செய்கிறாள் என்று அவள் மேல் வெறுப்பாக இருந்தது. சம்பந்தி ஒரு தரம் தலையைக் குனிந்து அப்பாவின் காலைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கூச்சத்தில் குனிகிறார் என்று நினைத்தேன்.

மண்டபத்துக்குள் வந்ததும் பாத பூஜை. அப்பாவும் அம்மாவும் மணையில் உட்கார்ந்து காலைத் தாம்பாளத்தில் வைத்தார்கள். அக்கா தண்ணீர் ஊற்றினாள், பால் ஊற்றினாள். அப்பாவின் பாதத்தை அடியில் கை கொடுத்து ஏந்தியவள் அப்படியே நின்றுவிட்டாள். உள்ளங்கால் தோல் அவள் கையோடு நழுவியிருக்கிறது. பிறகு ஒரு வேலை செய்தாள். மஞ்சள் கிண்ணத்தை எடுத்து, இரண்டு பொட்டு வைக்க வேண்டிய இடத்தில், கிண்ணத்து மஞ்சளை முழுக்க அள்ளி, விரல் நுனியிலிருந்து குதிகால் வரை அடை அடையாக அப்பினாள். அதன் மேல் குங்குமத்தைக் கொட்டினாள். கண்ணீர் தாம்பாளத்தில் சொட்டியது. பொண்ணுக்கு அப்பா மேல எவ்ளோ பாசம் பாரு என்று யாரோ ஒரு அம்மாள் சொல்லி, தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

தாலி ஏறியது. சாப்பாட்டுப் பந்தியில் சம்பந்தி எல்லோரும் கேட்கிற மாதிரி, எனக்குச் சாக்கை வுட்டுட்டு அந்த நெருப்புல நடந்து வந்தாரே, இந்த மரியாதை யாருக்கு வரும் என்றார். அன்றோடு அப்பாவின் திமிர்ப் பட்டம் போயிற்று. மாப்பிள்ளை வீட்டுக்குக் கல்லில் நடந்தவர் என்று பெயர் வந்தது. வண்டியில் ஏறியதும் அம்மா துண்டைப் பிரித்துப் பூட்ஸை எடுத்தாள். பழைய வேட்டியைக் கிழித்துக் காலில் சுற்றி அதற்கு மேல் பூட்ஸை மாட்டினாள். வழி முழுவதும் மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் கூடவே வந்துகொண்டிருந்ததால் அவள் அழவும் இல்லை.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. மறுவீடு வந்தது, விருந்து வந்தது, சம்பந்தி வீட்டார் ஒருவர் மாற்றி ஒருவர் வந்துபோய்க்கொண்டிருந்தார்கள். அத்தனை நாளும் அப்பா அந்தப் புண் மேல் பூட்ஸைப் போட்டுக்கொண்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சிரித்துப் பேசினார். வலிதான் இல்லையே. சாயங்காலம் கால் பார்க்கும்போது நான் விளக்கைத் தள்ளிப் பிடித்தேன், பார்க்க முடியவில்லை. சூடு தெரியலையாப்பா என்று ஒரு நாள் கேட்டேன். கல்லு சுடும்னு தெரியும்டி, சுடுற மாரி நடிக்கத்தான் தோணல என்றார். எத்தனையோ நடித்த மனுஷர். அதை மட்டும் மறந்துவிட்டார்.

ஆடியில் நாற்றம் வந்தது. அக்காவை ஆடிச் சீரோடு அழைத்து வந்த கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். எலும்பு வரை போயிருந்தது. வலது காலில் விரல்களோடு பாதிப் பாதத்தை எடுத்துவிட்டார்கள். மலையில் மரக்கட்டை விழுந்துவிட்டது என்று ஊரில் சொன்னோம். அதே செருப்பு தைக்கிறவர் அதே பூட்ஸைப் பிரித்து, முன்பாதியில் தக்கையும் கம்பளியும் வைத்து அடைத்து, வெளியே பழைய அச்சு மாறாமல் மறுபடி தைத்துக் கொடுத்தார். பாதிக் கால், முழுப் பூட்ஸ். அப்பா அதற்குப் பிறகு மலை ஏறவில்லை. மண்டியிலேயே தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். கடுக்காய் கொண்டு வருகிற மலைக்காரர்களிடம் அந்தச் சுனையில் தண்ணீர் இருக்கிறதா என்று மட்டும் ஒவ்வொரு வருஷமும் கேட்பார்.

அந்தப் பூட்ஸ் அதற்கப்புறமும் உழைத்தது. அடி தேய்ந்தால் லாரி டயரை வெட்டி அடி வைத்தார்கள். கயிறு எத்தனையோ மாறியது. தோல் மட்டும் அம்மாவின் விளக்கெண்ணெயில் கறுத்து, மெத்தென்று ஆகி, அப்பாவின் கணுக்கால் எலும்பு எங்கே துருத்துமோ அங்கே துருத்திக்கொண்டது. அக்காவுக்கு மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். எனக்கும் கல்யாணம் ஆயிற்று, எங்கள் வீட்டு வாசலிலேயே பந்தல் போட்டு. ஒருவருக்கும் எதுவும் தெரியாது என்று நாங்கள் நம்பிக்கொண்டிருந்தோம்.

அப்பா இறந்தது ஒரு கார்த்திகை மழையில். பிணத்தைக் குளிப்பாட்ட எடுக்க வேண்டும். அம்மா பூட்ஸைக் கழற்ற விடவில்லை. அவுரு கால்ல அது அப்டியே இருக்கட்டும் என்று பிடிவாதமாக நின்றாள். பங்காளிகள் முகத்தைச் சுளித்தார்கள். செத்தவன் காலில் தோலா? அந்த நேரத்தில்தான் சம்பந்தி கோடித் துணியோடு வந்தார். அவருக்கும் வயதாகித் தடி ஊன்றி நடந்தார். சத்தத்தைக் கேட்டுவிட்டு எல்லோரையும் வாசலுக்கு அனுப்பினார். அம்மா, அக்கா, நான் மட்டும் உள்ளே. அப்பாவின் கால்மாட்டில் மெல்ல உட்கார்ந்து பூட்ஸ் கயிற்றில் கையை வைத்தார். அம்மா அவர் கையைப் பிடித்தாள்.

"உடுங்கம்மா. எனக்குத் தெரியும்."

அம்மா பிடித்த கையை விடவில்லை.

"கல்யாணத்தன்னிக்கே தெரியும். எங்க அண்ணன் செத்தாரே அந்த வருசம், அவருக்கும் இதே சீக்குதான். கொல்லையில குடிசை போட்டு வச்சிருந்தோம். அவரும் இப்டித்தான், வெயில்ல எங்க நிக்கிறோம்னு தெரியாம நிப்பாரு. உங்க வூட்டுக்காரர் கல்லுல எறங்கி நடக்கும்போதே எனக்குத் தெரிஞ்சிபோச்சி."

அக்கா கேட்டாள், கல்லு மாதிரி ஒரு குரலில். "அப்ப ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா உங்கப்பா மூஞ்சிய எங்கம்மா வச்சிக்குவாரு? அவரு மரியாதை கெடக் கூடாதுன்னு வாய மூடிக்கினேன். வேற எவனும் சந்தேகப்படக் கூடாதுன்னுதான் பந்தியில அப்டிப் பேசனேன். ஆனா கையப் புடிச்சி சாக்கு மேல இழுத்திருக்கலாம். பக்கத்துலதான் வந்தாரு. இழுக்கல."

பெரியவர் அழுதார். அம்மா அழவில்லை. அவர் கையை விட்டுவிட்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். யாரிடம் என்று இல்லாமல் கேட்டாள்.

"அப்ப நாங்க யாருக்குப் பயந்துக்கினு இருந்தோம்?"

அக்காதான் பூட்ஸைக் கழற்றினாள். சுற்றியிருந்த துணியைப் பிரித்தாள். ஒரு செம்பில் தண்ணீர் எடுத்து வந்து, அந்த முழுக் காலையும் பாதிக் காலையும் தன் மடியில் வைத்துக் கழுவினாள். மஞ்சள் கொண்டு வரவா என்று நான் கேட்டேன். வேணாம் என்றாள்.

அக்காவும் போய்விட்டாள், சம்பந்தியும் போய்விட்டார். தன் கடைசிக் காலத்தில் அக்கா, நான்தான் அப்பாவை வரச் சொன்னேன் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மா, நான்தான் கூப்பிடவில்லை என்று சொல்லிக்கொண்டு செத்தாள். சம்பந்தி என்ன சொல்லிக்கொண்டு போனாரோ தெரியாது. எல்லோரும் நல்லவர்கள்தான். எல்லோரும் அப்பாவைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டார்கள். நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது, யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

பூட்ஸ் என்னிடம் வந்துவிட்டது. மாதத்தில் ஒரு நாள் விளக்கெண்ணெய் தடவுகிறேன். தடவுவதற்கு முன்னால், பழக்கதோஷம், உள்ளே கையை விட்டு முள் இருக்கிறதா என்று துழாவுகிறேன்.

என்னோடு கோயிலுக்கு வந்தால் நான் சும்மா இருக்கமாட்டேன், கண்டவர்களிடம் எல்லாம் வாய் கொடுக்கிறேன் என்று நீங்கள் குறை சொல்வீர்கள் அல்லவா? அதற்குக் காரணம் இதுதான். வெயில் நேரத்தில் கல்லில் ஈரச் சாக்கு விரித்திருந்தால் என் கண் சாக்கில் நடக்கிறவர்களைப் பார்ப்பதில்லை. ஓரமாக, கல்லில், அவசரமில்லாமல் யாராவது நடக்கிறார்களா என்று தேடும். அநேகமாக யாரும் இருக்கமாட்டார்கள். போன பிரதோஷத்தன்று ஒருவர் இருந்தார். நரைத்த தலை, கையில் அர்ச்சனைக் கூடை. நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவர் கையைப் பிடித்தேன். சாக்கு மேல வாங்க என்றேன், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. அவர் திடுக்கிட்டுக் கீழே பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு ஏறிக்கொண்டார்.